யெசெனீக்: அலுவலகம் மூடிய பிறகும் மாவட்டமாகவே இருக்கும் ஒரு மலைப்பகுதி

கேள்வி இதுதான். செக் குடியரசிலிருந்து வந்த ஒரு முகவரியில் ‘ஓக்ரெஸ் யெசெனீக்’ என்று இருக்கிறது. ஓக்ரெஸ் என்றால் மாவட்டம். ஆனால் மாவட்ட அலுவலகத்தைத் தேடினால், நாடு முழுவதும் அவற்றை 2002 கடைசியிலேயே மூடிவிட்டார்கள் என்று தெரிகிறது. அப்படியானால் யெசெனீக் ஒரு மாவட்டமா, இல்லையா? செக் நாட்டின் பழைய வரலாற்றுப் பகுதிகளில் அது மொராவியாவில் இருக்கிறதா, சிலேசியாவிலா? அங்கே அரசாங்க வேலை என்று வந்தால் யாரிடம் போவது?

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். யெசெனீக் மாவட்டம் இருக்கிறது. மாவட்ட அலுவலகம் இல்லை. அந்த வேலைகளை இப்போது யெசெனீக் நகராட்சி பார்க்கிறது. மேலே ஓலோமோட்ஸ் மண்டலம். வரலாற்றுப்படி பார்த்தால் பெரும்பகுதி சிலேசியா. இது போதும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ஏன் இப்படி என்று புரிய வேண்டுமானால் மலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்த மாவட்டத்தை உண்டாக்கியது எந்தச் சட்டமும் இல்லை, ஒரு மலைத்தொடர்.

ஓலோமோட்ஸில் இருந்த வருடங்களில் நான் அங்கே பெரும்பாலும் ரயிலில்தான் போவேன். ஹனுஷோவிட்செ தாண்டியதும் டீசல் ரயில் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் ஊசியிலைக் காடு. வளைவுக்கு மேல் வளைவு. ஓஸ்த்ருஷ்னாவைக் கடந்து ராம்சோவா நிலையத்தில் நின்றால் பெயர்ப்பலகையில் 760 மீட்டர் உயரம் என்றிருக்கும். செக் நாட்டில் விரைவு ரயில் நிற்கும் நிலையங்களில் இதுதான் மிக உயரமானது. அதன் பிறகு ரயில் மறுபக்கம் இறங்கத் தொடங்கும். ஆஸ்திரியாவின் புகழ்பெற்ற செம்மரிங் மலைப்பாதையை நினைத்து இதற்கு ‘சிலேசிய செம்மரிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாதை திறந்தது 1888-ல்.

ராம்சோவாவில் நிற்கும்போது ஜன்னலுக்கு ஒரு பக்கம் ஹ்ரூபி யெசெனீக் மலை, இன்னொரு பக்கம் ரிக்லெப் மலைகள். இடையில் இருக்கும் பள்ளம்தான் ராம்சோவா கணவாய். கணவாய்க்குத் தெற்கே பெய்யும் மழை மொராவா ஆற்றில் சேர்ந்து, தன்யூப் வழியாகக் கருங்கடலுக்குப் போகிறது. வடக்கே பெய்யும் மழை ப்யெலா ஆற்றில் இறங்கி, போலந்துக்குள் நுழைந்து, நிசா ஆற்றோடு கலந்து, ஓடர் வழியாக பால்டிக் கடலைச் சேர்கிறது. ஒரே ஊரில் பெய்யும் மழை இரண்டு கடலுக்குப் பிரிகிறது. யெசெனீக் மாவட்டம் ஏறக்குறைய முழுவதும் இந்த பால்டிக் பக்கத்தில் இருக்கிறது. ஓஸ்த்ருஷ்னா ஊராட்சி மட்டும் விதிவிலக்கு. நீர் ஓடும் திசையிலும் பழைய எல்லையிலும் அது மொராவியாவைச் சேர்ந்தது, நிர்வாகத்தில் யெசெனீக்கோடு இருக்கிறது.

மாவட்டத்தின் பரப்பு சுமார் 719 சதுர கிலோமீட்டர். தெற்கே ஹ்ரூபி யெசெனீக்கின் முகடு சுவர் மாதிரி நிற்கிறது. அதன் உச்சி ப்ராத்யெட், 1,491 மீட்டர். மொராவியாவுக்கும் செக் சிலேசியாவுக்கும் சேர்த்து அதுதான் மிக உயரமான சிகரம். இந்தப் பக்கச் சரிவில் உள்ள ஊருக்குப் பெயரே ‘ப்ராத்யெட்டின் கீழுள்ள ப்யெலா’. மேற்கே தள்ளி கெப்ர்னீக், 1,423 மீட்டர். அதை ஒட்டி ஷெராக், 1,351 மீட்டர். கிழக்கே ஸ்லாடே ஹோரி மேட்டுநிலம், அதாவது பொன்மலைப் பகுதி. நூற்றாண்டுக்கணக்கில் தங்கம் தோண்டிய இடம் அது. சுரங்கம் 1990-களின் தொடக்கத்தில்தான் நின்றது. வடக்கே போனால் மலை சட்டென்று தணிந்து வித்னவா சமவெளி வந்துவிடும். அங்கே உயரம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர்கூட இல்லை. உச்சிக்கும் சமவெளிக்கும் இடையே ஆயிரம் மீட்டருக்கு மேல் வித்தியாசம். ஆனால் காரில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

வரைபடத்தைப் பார்த்தால் இன்னொன்று தெரியும். வடக்கே, மேற்கே, கிழக்கில் ஒரு பகுதி, இவ்வளவும் போலந்து எல்லை. செக் நாட்டின் மற்ற பகுதிகளுக்குப் போக மூன்றே வழிதான் முக்கியம். ராம்சோவா ஒன்று. 1,013 மீட்டர் உயரத்தில் ஊசிவளைவுகளோடு ஏறும் செர்வெனோஹோர்ஸ்கே கணவாய் இன்னொன்று. கிழக்கே வித்லி கணவாய் மூன்றாவது. பனிக்காலத்தில் லாரிகள் இந்த ஏற்றங்களில் திணறி நிற்பது அங்கே வருடாவருடம் நடப்பது. போலந்துப் பக்கமோ திறந்த சமவெளி. மலை அவர்களைச் சொந்த நாட்டிலிருந்து பிரிக்கிறது, அயல்நாட்டோடு சேர்க்கிறது.

இந்த எல்லை எப்படி வந்தது? இந்தப் பகுதி பல நூற்றாண்டுகள் வ்ரோட்ஸ்வாஃப் ஆயரின் நிசா சிற்றரசில் இருந்தது. வ்ரோட்ஸ்வாஃபும் தலைநகரான நிசாவும் இன்று போலந்தில். 1742-ல் ப்ரஷ்யா என்ற ஜெர்மானிய அரசின் மன்னர் இரண்டாம் ஃப்ரெடரிக்கிடம் ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா சிலேசியாவின் பெரும்பகுதியை இழந்தார். நிசா சிற்றரசு இரண்டாக வெட்டப்பட்டது. நகரமும் வளமான நிலமும் ப்ரஷ்யாவுக்கு, மலையடிவாரம் ஆஸ்திரியாவுக்கு. “தோட்டத்தை எடுத்துக்கொண்டான், எனக்கு வேலியை விட்டான்” என்று அரசி சொன்னதாக இன்றும் அங்கே ஒரு பேச்சு உண்டு. அந்த வேலிதான் இன்றைய யெசெனீக் மாவட்டம்.

ஆயருக்கு இரண்டு நாட்டிலும் நிலம் இருந்தது. ப்ரஷ்ய அரசோடு மோதல் வந்தபோது ஆயர் ஷாஃப்கோட்ஷ் இந்தப் பக்கம் ஒதுங்கி, யாவோர்னீக்கில் உள்ள யான்ஸ்கி வ்ர்ஹ் கோட்டையில் தங்கினார். அங்கே தன் இசைக்குழுவை நடத்த கார்ல் டிட்டர்ஸ் என்ற இசைக்கலைஞரை வைத்துக்கொண்டார். அவரைப் போகவிடாமல் நிறுத்திவைக்க 1773-ல் ஃப்ரீவால்டோவின் நிர்வாகத் தலைவர் பதவியைக் கொடுத்தார். ஃப்ரீவால்டோவ் என்பது யெசெனீக் நகரத்தின் பழைய பெயர். அந்தப் பதவிக்குப் பிரபுப் பட்டம் இருந்தாக வேண்டும். ஆகவே வியன்னாவில் பட்டம் வாங்கித் தந்தார்கள். இசை வரலாற்றில் அவர் ‘டிட்டர்ஸ்டோர்ஃப்’ என்று அறியப்படுவது அந்தப் பட்டத்தால்தான். இந்த மலைப்பகுதியின் நிர்வாக நாற்காலிக்கு இப்படி ஒரு வரலாறும் உண்டு.

நவீன அர்த்தத்தில் மாவட்டம் வந்தது ஆஸ்திரியப் பேரரசின் 1850 சீர்திருத்தத்தோடு. ஃப்ரீவால்டோவ் மாவட்டம், அதற்கு மேலே ஓபவா நகரில் இருந்த ஆஸ்திரிய சிலேசியாவின் நிர்வாகம். முதல் உலகப்போருக்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியா. 1938 மியூனிக் ஒப்பந்தத்துக்குப் பிறகு நாஜி ஜெர்மனி. போர் முடிந்ததும் மீண்டும் செக்கோஸ்லோவாக்கியா. இந்தக் கடைசி மாற்றம்தான் ஊரின் உயிரையே மாற்றியது. அங்கே வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் ஜெர்மன் பேசியவர்கள். 1945-46-ல் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். காலியான வீடுகளில் நாட்டின் உள்பகுதிகளிலிருந்து வந்த செக்குகள், ஸ்லோவாக்குகள், கிரேக்க உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் என்று பலரும் குடியேறினார்கள். ஊர்ப்பெயர்களும் மாறின. 1947-ல் ஃப்ரீவால்டோவ் யெசெனீக் ஆனது. சுக்மாண்டல் என்ற பழைய சுரங்க நகரம் ஸ்லாடே ஹோரி ஆனது. இசைமேதை ஷூபர்ட்டின் தாயார் பிறந்த ஊர் அது. ஃப்ரீட்பெர்க், ஷுலோவா ஆனது. ‘ஷுலா’ என்றால் கருங்கல், அந்த ஊரின் பிழைப்பே கல் உடைப்பதுதான். காட்டுக்குள் நடந்தால் இன்றும் வீடில்லாத இடத்தில் ஒரு வரிசை ஆப்பிள் மரமோ, அடிவாரக் கல்லோ கண்ணில் படும். மக்கள்தொகை போருக்கு முந்தைய அளவை இன்றுவரை எட்டவில்லை. இப்போது மாவட்டம் முழுவதும் சேர்த்தே சுமார் 36,000 பேர்தான். செக் மாவட்டங்களில் இதுதான் மிகக் குறைவு.

இப்போது நிர்வாகத்துக்கு வருகிறேன். 1960-ல் கம்யூனிஸ்ட் அரசு மாவட்டங்களை ஒன்றோடொன்று சேர்த்து எண்ணிக்கையைக் குறைத்தது. யெசெனீக் தனி மாவட்டமாக இருப்பது முடிந்து, மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஷும்பெர்க்கோடு இணைக்கப்பட்டது. காகிதத்தில் அது சரியாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் ஒரு சான்றிதழுக்காக யாவோர்னீக்கிலிருந்து ஒருவர் ஷும்பெர்க் போக வேண்டுமென்றால், முழு மாவட்டத்தையும் குறுக்கே கடந்து, பிறகு மலையையும் கடக்க வேண்டும். போய் வர ஒரு நாள் போய்விடும். என் கருத்தில் அது தவறான முடிவு. மேசையில் உட்கார்ந்து வரைபடத்தைத் தட்டையாகப் பார்த்தவர்கள் எடுத்த முடிவு. முப்பத்தைந்து வருடம் அப்படியே ஓடியது. ஆட்சி மாறிய பிறகு உள்ளூர்க்காரர்களின் கோரிக்கை பலித்து, 1996 ஜனவரி 1 அன்று யெசெனீக் மீண்டும் தனி மாவட்டமானது. செக் நாட்டின் 76 மாவட்டங்களில் இதுதான் வயதில் இளையது.

மாவட்டம் கிடைத்தது, ஆனால் மாவட்ட அலுவலகம் ஏழு வருடம்தான் நீடித்தது. 2000-ல் நாடு 14 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. மண்டலத்தை அவர்கள் ‘க்ராய்’ என்கிறார்கள். யெசெனீக், ஷும்பெர்க், ஓலோமோட்ஸ், ப்ரோஸ்த்யேயோவ், ப்ர்ஷெரோவ் ஆகிய ஐந்து மாவட்டங்களும் ஓலோமோட்ஸ் மண்டலத்துக்குப் போயின. 2002 கடைசியில் நாடு முழுவதும் மாவட்ட அலுவலகங்கள் மூடப்பட்டன. அவற்றின் அதிகாரத்தில் ஒரு பகுதி மேலே மண்டலத்துக்கும், பெரும்பகுதி கீழே ‘விரிவான அதிகாரம் கொண்ட நகராட்சி’ என்ற புது வகைக்கும் போனது. நாடு முழுவதும் இப்படிப்பட்ட நகராட்சிகள் 205.

இங்கேதான் யெசெனீக்கின் தனித்தன்மை. ஒரு மாவட்டத்துக்குச் சராசரியாக இப்படி இரண்டு மூன்று நகராட்சிகள் வரும். ஷும்பெர்க் மாவட்டத்தை எடுத்தால் ஷும்பெர்க், சாப்ர்ஷெ, மோஹெல்னிட்செ என்று மூன்று. அங்கெல்லாம் மாவட்டம் என்பது நிஜமாகவே பெயரளவுக்கு ஆகிவிட்டது. யெசெனீக்கிலோ ஒரே ஒரு நகராட்சிதான். அதன் நிர்வாக எல்லையும் மாவட்ட எல்லையும் ஒன்றே. ஆகவே அலுவலகப் பெயர்ப்பலகை போனாலும், 24 ஊராட்சிகளும் முன்பு போன அதே ஊருக்குத்தான் இன்றும் போகின்றன. இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. வேறு எந்த ஊரை மையமாக வைத்தாலும் பாதிப் பேர் மலை ஏற வேண்டியிருக்கும்.

அந்த 24-ல் நகரம் என்ற தகுதி உள்ளவை ஐந்து: யெசெனீக், ஸ்லாடே ஹோரி, யாவோர்னீக், வித்னவா, ஷுலோவா. யெசெனீக்கில் பத்தாயிரம் பேருக்குச் சற்று மேல். வித்னவாவும் ஷுலோவாவும் ஆயிரத்துச் சொச்சம் பேர் உள்ள சின்ன ஊர்கள்தான், பழைய தகுதியால் நகரம். ஒவ்வொரு ஊராட்சிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் உண்டு. மன்ற உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரை ‘ஸ்தாரோஸ்தா’ ஆக்குகிறார்கள், அதாவது தலைவர். மக்கள் அவரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மண்டலத்துக்கு 55 பேர் கொண்ட மன்றமும் ‘ஹெய்த்மன்’ என்ற தலைவரும் உண்டு.

நம் ஊரில் மாவட்டம் என்றதும் கலெக்டர் நினைவுக்கு வருவார். அப்படி அரசு அனுப்பும் ஒருவர் அங்கே இல்லை. முன்பு மாவட்ட அலுவலகத்துக்கு அரசு நியமித்த தலைவர் இருந்தார், அந்தப் பதவியும் அலுவலகத்தோடு போய்விட்டது. இப்போது யெசெனீக் நகராட்சிக் கட்டடத்துக்குள் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று நகரத்தின் சொந்த வேலை: தெருவிளக்கு, பள்ளிக்கூடம், பூங்கா. இன்னொன்று அரசு ஒப்படைத்த வேலை: அடையாள அட்டை, கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, தொழில் உரிமம், குழந்தைகள் பாதுகாப்பு, நீர்நிலை அனுமதி, பேரிடர் நிர்வாகம். இரண்டாவது வகை வேலைகளை அந்த நகராட்சி மற்ற 23 ஊர்களுக்கும் சேர்த்துச் செய்கிறது. வெளிநாட்டவரின் தங்கும் அனுமதி மட்டும் வேறு, அது உள்துறை அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. உங்கள் முகவரிக்கு உரியவர் இந்தியர் என்றால் இதை மறந்துவிட வேண்டாம்.

சரி, மாவட்டம் என்ற சொல் இன்னும் எங்கே பயன்படுகிறது? நீதிமன்றத்தில். யெசெனீக்குக்குத் தனி மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. காவல்துறைப் பிரிவு, ஆவணக் காப்பகம், வேலைவாய்ப்பு அலுவலகம், புள்ளிவிவரம் எல்லாம் மாவட்டக் கணக்கில்தான். ஆனால் ஒவ்வொன்றும் மேலே வேறு வேறு ஊரைப் பார்க்கிறது. அரசு நிர்வாகம் ஓலோமோட்ஸைப் பார்க்கிறது. நீதிமன்ற மேல்முறையீடு இன்னும் 1960-ன் பழைய மண்டலப்படி ஓஸ்த்ரவா நீதிமன்றத்துக்குத்தான், அதன் கிளை ஓலோமோட்ஸில் இருப்பது ஒரு வசதி. காப்பகம் ஓபவாவின் கீழ். கத்தோலிக்கத் திருச்சபையில் இந்தப் பகுதி 1970-களின் கடைசி வரை வ்ரோட்ஸ்வாஃபின் கீழேயே இருந்தது, அதாவது நாட்டு எல்லை பிரிந்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகும். 1996-லிருந்து ஓஸ்த்ரவா-ஓபவா மறைமாவட்டம். ‘மொராவியாவா சிலேசியாவா’ என்ற உங்கள் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் வராததற்குக் காரணம் இதுதான். அரசு அவர்களை மொராவிய நகரத்தோடு சேர்த்தது, திருச்சபை சிலேசியாவோடு வைத்தது. உள்ளூர்க்காரரைக் கேட்டால் பலர் “நாங்கள் யெசெனீக்காரர்கள்” என்பார்கள்.

வண்டி எண்பலகையில்கூட இந்தக் கதை இருக்கிறது. தனி மாவட்டமானதும் ‘ஜே.ஈ.’ என்ற எழுத்துகள் கிடைத்தன. 2001-ல் மண்டல எழுத்து முறை வந்ததும் ஓலோமோட்ஸ் மண்டலத்துக்குரிய ‘எம்’ வந்துவிட்டது. ஐந்தே வருடம் வழங்கிய அந்த ஜே.ஈ. பலகையை ஒரு பழைய ஸ்கோடா காரில் பார்த்தபோது, ஏதோ தெரிந்தவரைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

எல்லையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். யெசெனீக்கிலிருந்து கர்னோவுக்கு ரயிலில் போனால் மிகுலோவிட்செ தாண்டியதும் வண்டி போலந்துக்குள் போய்விடும். குவுஹொவாசி நிலையத்தில் நின்று, திசை திரும்பி, மறுபடி செக் நாட்டுக்குள் வரும். இரண்டு செக் ஊர்களுக்கு இடையே ஓடும் உள்ளூர் ரயில் அது. 1742-ல் கோடு போட்டவர்களுக்கு ரயில் என்றால் என்னவென்று தெரியாது, பின்னால் பாதை போட்டவர்களோ பள்ளத்தாக்கு போன வழியில் போட்டார்கள். இரண்டு நாடுகளும் 1958-ல் எல்லையை நேராக்கியபோது செக் பக்கம் 368 ஹெக்டேர் கூடுதலாக வந்துவிட்டது. அந்த நிலக் கடன் இன்றும் தீரவில்லை. அதைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சு வரும்போதெல்லாம் இந்த எல்லையோர ஊர்களில் கவலை எழுகிறது.

வடமேற்கு முனையில் பீலா வோதா என்ற ஊர் இருக்கிறது. அதற்கு மேல் போலந்துதான். 1950-ல் கம்யூனிஸ்ட் அரசு மடங்களைக் கலைத்தபோது, நாட்டின் பல இடங்களிலிருந்து கன்னியாஸ்திரிகளைக் கொண்டுவந்து இங்கே அடைத்தது. யார் கண்ணிலும் படாத ஊர் என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களின் கல்லறைகள் ஒரே மாதிரியான சின்னச் சிலுவைகளோடு வரிசையாக நிற்கின்றன. யெசெனீக் போகிறவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது சிகரத்தை இல்லை, இந்தக் கல்லறையைத்தான்.

அதே ஒதுக்குப்புறம் வேறு விதத்தில் புகழும் தந்திருக்கிறது. 1799-ல் இங்கே க்ரேஃபன்பெர்க்கில் பிறந்த வின்சென்ட்ஸ் ப்ரீஸ்னிட்ஸ், படிப்பில்லாத ஒரு விவசாயி மகன், குளிர்ந்த ஊற்றுநீரை மட்டும் வைத்து வைத்தியம் செய்தார். போலி வைத்தியர் என்று வழக்கெல்லாம் வந்தது. ஆனாலும் ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள், ருஷ்ய எழுத்தாளர் கோகோல் உட்பட. இன்றும் செக் வீடுகளில் தொண்டை வலி என்றால் ஈரத்துணியைப் பிழிந்து கழுத்தில் சுற்றி, மேலே உலர்ந்த கம்பளித் துண்டைக் கட்டுவார்கள். அந்தக் கட்டுக்குப் பெயரே ப்ரீஸ்னிட்ஸ். அருகில் லிபோவா, யோஹான் ஷ்ரோத் என்பவரின் பட்டினி வைத்தியத்துக்குப் பெயர்போனது. மாவட்டத்தின் பிழைப்பில் இந்தக் குளியல் விடுதிகளுக்கும் சுற்றுலாவுக்கும் இன்றும் பெரிய பங்கு உண்டு. வேறு வேலை அதிகம் இல்லை, இளைஞர்கள் வெளியே போகிறார்கள்.

கடைசியாக 2024 செப்டம்பர். நிர்வாகமும் மலையும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. வடக்கிலிருந்து வந்த ஈரக்காற்று சமவெளியில் தடையில்லாமல் ஓடிவந்து இந்த முகட்டில் மோதி மேலேறியது. ப்ராத்யெட் அருகே ஷ்விகார்னா மலைவிடுதியில் ஒரே நாளில் 380 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. 1897 முதல் இருந்த தேசிய உச்சம் 345. ப்யெலா, செக் எல்லைக்குள் முப்பது கிலோமீட்டர் சொச்சம் ஓடும் குட்டையான, செங்குத்தான ஆறு. மழை விழுந்த சில மணி நேரத்தில் வெள்ளம் ஊருக்குள் வந்துவிடும். 14, 15 தேதிகளில் ப்யெலா, யெசெனீக், செஸ்கா வெஸ், மிகுலோவிட்செ என்று ஆற்றோர ஊர்களையெல்லாம் அடித்துக்கொண்டு, எல்லை தாண்டி குவுஹொவாசியின் பாலத்தையும் கொண்டுபோனது. சாலை, ரயில் பாதை பல இடங்களில் அறுந்தன. கூரையில் ஏறி நின்றவர்களை ஹெலிகாப்டரில் தூக்கினார்கள்.

அந்த இரண்டு நாளும் மாவட்டம் முழுவதுக்குமான வெள்ளக் குழுவை நடத்தும் பொறுப்பு சட்டப்படி யாருக்கு? யெசெனீக் நகராட்சித் தலைவருக்கு. 24 ஊர்களின் பேரிடர் வேலை அவருடையது. உதவி ஓலோமோட்ஸிலிருந்து மலையைத் தாண்டி வந்தாக வேண்டும், ஆனால் முதல் சில மணி நேர முடிவுகளை வெள்ளத்துக்குள் நிற்பவர்கள்தான் எடுத்தார்கள். 1960 ஏற்பாடு இன்றும் இருந்திருந்தால் அந்த நாற்காலி ஷும்பெர்க்கில், கணவாய்க்கு அந்தப் பக்கம் இருந்திருக்கும்.

ஆகவே அந்த முகவரிக்கு எழுத வேண்டுமானால் அதில் உள்ள ஊர்ப்பெயரையும் அஞ்சல் எண்ணையும் அப்படியே எழுதுங்கள். மாவட்ட அலுவலகத்தைத் தேட வேண்டாம். அரசாங்க வேலை என்றால் யெசெனீக் நகராட்சி அலுவலகத்துக்கே எழுதுங்கள்.